திரையின் வலது மூலை

அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், கல் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று யாரும் பேச முடியாது. கத்தினாலும் கேட்காது. ஆனால் தங்கராசு டிப்பர் லாரி ஓட்டும் சுரங்கத்தில் டிரைவர்கள் அங்கே நின்றுதான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள், கையால். டீ வந்துவிட்டது. பின் டயரைப் பார். சூப்பர்வைசர் வருகிறார். இன்றைக்கு அவருக்கு வீட்டில் சண்டை. இதற்கெல்லாம் அங்கே சைகை உண்டு. கற்றுக்கொடுத்தவர் தங்கராசு. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தங்கை ஜோதி.

ஜோதிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. திருச்சிப் பக்கம், காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் படித்தார். ஒவ்வொரு விடுமுறைக்கும் கை நிறையப் புதுச் சொற்களோடு ஊருக்கு வருவார். அப்பாவும் அம்மாவும் வயல் கூலிக்குப் போகிறவர்கள். சோறு, தண்ணி, தூங்கு, வா என்ற அளவில் அவர்களுடைய சைகை நின்றுவிட்டது. அண்ணன் மட்டும் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

பாசம் என்று யாராவது சொன்னால் தங்கராசு சிரிப்பார். "பாசமாவது ஒண்ணாவது. தப்பாப் போட்டா கிள்ளுவா. லீவு முடியறதுக்குள்ள கையெல்லாம் செவந்துடும்."

சைகையில் ஆட்களுக்குத் தனிப் பெயர் உண்டு. ஜோதி அண்ணனைக் குறிப்பிட வேண்டுமானால் தன் காது மடலைப் பிடித்து வெளிப்பக்கம் இழுப்பார். தங்கராசுவின் காதுகள் பெரியவை. இப்போது சுரங்கத்தில் எல்லா டிரைவர்களுக்கும் அவர் அந்தப் பெயர்தான்.

வளர்ந்த பிறகு ஜோதி ஜெயங்கொண்டத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவர்தான். கணவர் வீரமணி நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். மாப்பிள்ளைக்குச் சைகை சொல்லிக் கொடுத்ததும் தங்கராசுதான். கெட்ட வார்த்தைகளிலிருந்து ஆரம்பித்ததால் மாப்பிள்ளை வேகமாகக் கற்றுக்கொண்டார் என்பது அவர் கணக்கு. இருவரும் தா.பழூரில் சிறியதாக ஒரு வீடு கட்டி முடித்தார்கள். தை மாதம் குடிபுக நாள் குறித்தார்கள்.

புது வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். அப்பா அம்மா இல்லாத நிலையில் பிறந்த வீடு என்றால் தங்கராசுதான். என்ன வேண்டும் என்று வீடியோ காலில் கேட்டார். ஜோதி தயங்கவே இல்லை.

"டிவி. பெருசு வேணாம். படம் தெளிவா இருக்கணும். மூலையில நிக்கிறவங்க கை எனக்குப் புரியணும்."

செய்திகளில் சில நேரம் திரையின் வலது மூலையில், சின்னக் கட்டத்துக்குள், ஒருவர் நின்று சைகை மொழியில் செய்தி சொல்வதைப் பார்த்திருப்போம். பெரும்பாலோர் அந்த மூலையைக் கவனிப்பதில்லை. ஜோதிக்கு டிவி என்பதே அந்த மூலைதான். வாடகை வீட்டில் இருந்த பழைய டிவியில் அந்தக் கைகள் வேகமாக அசையும்போது புகைபோலக் கலைந்துவிடும். போனில் பார்த்தால் எறும்பு அளவு. மீதிக்கெல்லாம் வீரமணியைக் கேட்க வேண்டும். டிவியில் ஒரு கூட்டமே கத்திப் பேசி முடித்த பிறகு அவர் திரும்பி, 'சண்டை' என்று ஒரு சைகை காட்டுவார். என்ன சண்டை என்று கேட்டால், 'சும்மா' என்பார். கல்யாணமானதிலிருந்து ஜோதி இந்த இரண்டு வார்த்தைகளில்தான் உலகச் செய்தியைத் தெரிந்துகொண்டு வந்தார்.

தங்கராசுவுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் அவர் மனதில் இன்னொன்றும் இருந்தது. வீரமணியின் அக்கா அமிர்தவல்லி பெரம்பலூரில் வீடு கட்டியபோது, வீரமணி சீராக ஐம்பது இன்ச் டிவி கொண்டுபோனார். இந்தப் பக்கம் சீரை மைக்கில் படிப்பார்கள். பித்தளை அண்டா என்றால் எத்தனை குடம் பிடிக்கும், டிவி என்றால் எத்தனை இன்ச், எல்லாம் சேர்த்துத்தான். 'ஐம்பது இன்ச்' என்று தெரு முழுக்கக் கேட்டது. அதற்குக் குறைந்து ஒரு சீரை எப்படிக் கொண்டுபோவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி சசிகலாவோடு அரியலூர் கடைத்தெருவில் ஒரு டிவி கடைக்குப் போனார். உள்சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே பச்சைக் கிளி, பிறகு ஒரே அருவி, பிறகு ஒரே மாதுளம்பழம் உடைந்து முத்துகள் சிதறின.

"எல்லாத்துலயும் ஒரே கிளி" என்றார் சசிகலா. "எது நல்ல டிவின்னு அந்தக் கிளியே வந்து சொன்னாத்தான் உண்டு."

கடையில் நின்ற ஆசிப் சிரித்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். கொஞ்ச காலம் குவைத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். "கிளிக்கு எல்லாம் நம்ம கடை டிவிதாங்க்கா. அண்ணே, எத்தன இன்ச் பாக்குறீங்க?"

"அம்பத்தஞ்சு."

"ஏங்க, உங்க தங்கச்சி படம் தெளிவா இருக்கணும்னுதான சொன்னா? இன்ச்ச அவ கேக்கவே இல்லையே?" என்றார் சசிகலா.

"அவ கேக்க மாட்டா. ஊரு கேக்கும்."

ஜோதியையே கூட்டி வந்திருக்கலாம். ஆனால் தங்கராசுவின் வகையறாவில் ஒரு வழக்கம். சீர் வாங்கிக்கொள்ளப் போகும் பெண் அதை முன்கூட்டியே பார்க்கக் கூடாது. வீட்டு வாசலில் தட்டோடு வந்து இறங்கும்போதுதான் பார்க்க வேண்டும். அம்மா இருந்தவரை விடாமல் கடைப்பிடித்தது. அதனால் தங்கராசு ஒரு வழி கண்டுபிடித்தார். கடையிலிருந்து வீடியோ கால் போட்டு, போனை ஒவ்வொரு டிவிக்கும் நேராகப் பிடித்தார். நேரில் பார்க்கவில்லை, வழக்கமும் கெடவில்லை.

பேனர் கடையில் வேலையை நிறுத்திவிட்டு ஜோதி பார்த்தார். டிவியைப் போனில் காட்டினால் என்ன தெரியும்? கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடின. கிளி நீலமாக இருந்தது. கடையிலேயே நல்ல டிவி என்று ஆசிப் காட்டியதில்தான் கோடுகள் அதிகம். ஓரமாகக் கிடந்த மட்டமான டிவி ஒன்று போனில் பளிச்சென்று தெரிந்தது.

"அதுதான்" என்று ஜோதி மட்டமானதைக் காட்டினார்.

"அக்கா, அது வேணாம்க்கா!" என்று ஆசிப் போனைப் பார்த்துக் கத்தினார். பிறகு கத்தி என்ன பயன் என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கராசு கையால் அதைச் சொன்னார். ஜோதி திரும்பத் திரும்பப் பார்த்தார். கோடு, கோடு, நீலக் கிளி. அழைப்பைத் துண்டித்தார். கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: 'லீவு சொல்லிட்டேன். பஸ் ஏறுறேன்.'

"வழக்கம் என்னாவுறது?" என்று தங்கராசு டைப் செய்தார்.

'கண்ணைக் கட்டிக்கிட்டு வரவா?'

சசிகலா போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் மிக்சி வாங்க வந்தவர்களும் திரும்பினார்கள்.

ஜெயங்கொண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஜோதி கடைக்குள் வந்தபோது அண்ணனைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகச் சுவர் முன்னால் போய் நின்று, கிளியை நிறுத்தச் சொன்னார். தன் போனில் சேமித்து வைத்திருந்த சைகை மொழிச் செய்தித் தொகுப்பு ஒன்றை ஆசிப்பிடம் கொடுத்தார். கடையில் ஒரு படத்தைப் போட்டால் அது எல்லா டிவிக்கும் போகும்படி இணைத்திருந்தார்கள். ஆசிப் போட்டார்.

சுவர் முழுக்க ஒரே பெண். ஒவ்வொரு டிவியின் வலது மூலையிலும் நீலப் புடவையில் நின்று, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையால் பேசினார்கள். கடையின் எந்தப் பக்கம் திரும்பினாலும் கைகள்.

ஜோதி கொஞ்ச நேரம் எந்த டிவியையும் தேர்ந்தெடுக்கவில்லை. சும்மா நின்றார்.

"என்னாச்சு?" என்று தங்கராசு கேட்டார்.

"ஹாஸ்டல் மெஸ்ல சாப்பாட்டு நேரம் இப்படித்தான் இருக்கும்" என்றார் ஜோதி. "எங்க பாத்தாலும் பேச்சு."

பிறகு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு டிவி முன்னாலும் நின்றார், தள்ளி நின்றார், பக்கவாட்டில் நின்றார். தங்கராசு பார்த்து வைத்திருந்த ஐம்பத்தைந்து இன்ச்சுக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். படம் பெரிது, நிறம் பளபளப்பு. ஆனால் அந்தப் பெண் கையை வேகமாக வீசினால் விரல்களுக்குப் பின்னால் ஒரு நிழல் இழுபட்டது. ஆசிப் ரிமோட்டை எடுத்து ஏதேதோ மாற்றிப் பார்த்தார். நிழல் குறைந்தது, போகவில்லை. ஓரத்தில் இருந்த நாற்பத்து மூன்று இன்ச் டிவியில் விரல்கள் விரல்களாக இருந்தன. ஜோதி அதன் முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

அண்ணனும் தங்கையும் சண்டை போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஆசிப்பும் சசிகலாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று இங்கும் அங்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க்கா சொல்றாங்க?"

சசிகலாவுக்கு ஓரளவு தெரியும். "இது சின்னதுங்கிறார் இவரு. சீரு எனக்கா மைக்குக்கான்னு கேக்குறா அவ."

"அதுக்கு அண்ணன்?"

"ரெண்டுக்கும்ங்கிறார்."

தங்கராசுவின் கை வேகமெடுத்தது. "நாளைக்கு அங்க உன்னத்தான் பேசுவாங்க. அண்ணன்காரன் தாராளம் இவ்வளவுதானான்னு."

"பேசட்டும். என் காதுல விழுந்தாத்தான?" என்றார் ஜோதி. "உன் காதுதான் பெருசு. உனக்குத்தான் எல்லாம் விழுது."

இதைச் சசிகலா ஆசிப்புக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் தங்கராசுவின் காதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டதில் விஷயம் விளங்கிவிட்டது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றார் ஆசிப். "உங்களுக்குத்தான் இந்தப் பாஷை தெரியுதே. நீங்களே ரெண்டு முன்னாலயும் நின்னு செய்தியப் பாருங்க. ரெண்டுக்கும் விலையில பெரிய வித்தியாசம் கெடையாது. எனக்கு எத வித்தாலும் ஒண்ணுதான்."

தங்கராசு ஐம்பத்தைந்துக்கு முன்னால் நின்றார். ஆசிப் வேறொரு செய்தியைப் போட்டார். முதலில் ஏதோ ரயில் விஷயம். அடுத்து ஒரு ஊரின் பெயர், எழுத்து எழுத்தாக விரலில் வந்தது. தங்கராசு முன்னே சாய்ந்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. எந்த ஊர் என்று பிடிபடவில்லை. அதை யோசித்ததில் அடுத்த செய்தியும் போய்விட்டது. அதற்கடுத்தது தொடங்கும்போதே அவருக்கு அலுத்துவிட்டது.

பிறகு சின்ன டிவிக்கு முன்னால் போய் நின்று அதையே மறுபடி போடச் சொன்னார். கடைசிவரை அசையாமல் பார்த்தார்.

"இதையே பேக் பண்ணுங்க."

"அந்த அம்பத்தஞ்சு?" என்று சசிகலா சீண்டினார்.

"அது கிளி பாக்குறவங்களுக்கு."

தை மாதம், குடிபுகும் நாள். பால் காய்ச்சி முடித்து, விடிந்த பிறகு, தங்கராசுவின் சீர் தெருமுனையில் வந்து இறங்கியது. மேளம் முன்னால். பழத்தட்டு, புடவைத் தட்டு, குத்துவிளக்கு, அவற்றுக்குப் பின்னால் பூச்சரம் சுற்றிய டிவி பெட்டி. ஜோதி வாசலில் நின்று, அதுவரை பார்த்தே அறியாதவர்போல் கண்ணை அகல விரித்துக் காட்டினார். சசிகலா தட்டைக் கீழே போடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

மைக்செட்காரர் வந்து தங்கராசுவின் காதருகே, "எத்தன இன்ச்சுங்க?" என்று கேட்டார்.

"நாப்பத்திமூணு" என்றார் தங்கராசு.

அது ஒலிபெருக்கியில் வந்தபோது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவே சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. தங்கராசு இத்தனை நாள் பயந்த அந்த ஒரு வரியை யாரும் நின்று கேட்கவில்லை, ஒருவரைத் தவிர.

"நாப்பத்திமூணா தம்பி?" என்றார் அமிர்தவல்லி. "என் தம்பி எனக்கு அம்பதுல்ல எடுத்தான்."

"படம் நல்ல படம் அண்ணி."

"படம் எல்லா டிவியிலயுந்தான் வரும்."

கெட்ட மனசுக்காரர் அல்ல அமிர்தவல்லி. நாத்தனார் என்ற உரிமையில் விடியற்காலையிலிருந்து சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வீட்டைச் சுற்றி வந்தவர் அவர்தான். நிலைப்படி, அடுப்பு, பீரோ, கிரைண்டர், புதிதாக எது கண்ணில் பட்டாலும் ஒரு பொட்டு. கூடத்து மேடையில் டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தியதும் அதற்கும் வந்தார். யோசித்தார். நடுவில் வைத்தால் படத்தை மறைக்கும். ஓரமாக, கீழே, வலது மூலையில், உள்ளங்கை அளவுக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது வீரமணி டிவியைப் போட்டார். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கியதால் டிவியின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஜோதிக்கு அது தேவையும் இல்லை. சைகை மொழிச் செய்தி தொடங்கும் நேரம். புடவை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்தார்.

செய்தி சொல்லும் பெண் வந்தார். முகம் தெரிந்தது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனப் பொட்டு.

ஜோதி இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்தார். பொட்டின் மேல்பக்கம் சில நேரம் ஒரு கட்டைவிரல் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. சாப்பிடக் கிளம்பிய தங்கராசு வாசற்படியில் நின்றுவிட்டார். நாத்தனார் வைத்த மங்கலப் பொட்டு. விசேஷத்தன்று, எல்லோரும் பார்க்க, அதை எப்படி அழிப்பது?

ஜோதி அண்ணனைப் பார்த்துக் கையசைத்தார். "விடு. எல்லாரும் போன பொறவு நான் தொடச்சிக்கிறேன்."

தங்கராசு விடவில்லை. கூடத்தின் மறுபக்கம் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்த அமிர்தவல்லியிடம் போனார்.

"அண்ணி, டிவில வெச்ச பொட்ட கொஞ்சம் மேல மாத்தி வைக்கணும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அமிர்தவல்லியின் முகம் மாறியது. "வெச்ச பொட்ட அழிக்கச் சொல்றியா தம்பி? நல்ல நாளும் அதுவுமா?"

"பொட்டுக்குப் பின்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க அண்ணி."

"எந்த அம்மா?"

அமிர்தவல்லி பையைக் கீழே வைத்துவிட்டு வந்து டிவியருகில் குனிந்தார். சந்தனத்துக்கு மேலே ஒரு சின்ன முகம் புருவத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது.

"இவளா? இவ என்னமோ கைய ஆட்டிக்கிட்டே இருப்பாளே?"

"அதுதான் செய்தி. ஜோதிக்கு அவங்க கைதான் செய்தி. நீங்களும் நானும் காதால கேக்குறத அவ அந்த மூலையிலதான் பாக்குறா. அதுக்காகத்தான் இந்த டிவியே. இதவிடப் பெருசாவும் பாத்தோம் அண்ணி. அதுல கை தெரியல."

அமிர்தவல்லி தரையில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஜோதி என்ன நடக்கிறது என்று புரிந்தும் புரியாமலும் எழுந்திருக்கப் பார்த்தார். அமிர்தவல்லி அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு முந்தானையை இழுத்து விரலில் சுற்றி, சந்தனத்தை வழித்தெடுத்தார். மஞ்சளாகக் கொஞ்சம் தீற்றல் நின்றது. அதன் வழியே கைகள் தெரிந்தன. சந்தனத்தை மீண்டும் உருட்டி டிவியின் மேல்சட்டத்தில் வைத்தார்.

"எங்க வூட்டு டிவிலயும் இவ வருவாளா?"

"வருவாங்க."

"நான் கவனிச்சதே இல்ல" என்றார் அமிர்தவல்லி. ஜோதியின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார், ஜோதியைப் பார்த்தார். மோவாயைத் தூக்கி, என்ன என்று கேட்டார்.

தங்கராசு சொல்ல வாயெடுத்தார். "நீ இரு தம்பி, அவ சொல்லட்டும்" என்று அமிர்தவல்லி தடுத்தார்.

ஜோதி நாத்தனாருக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். விரல்களை மேலிருந்து கீழே சொரிந்து காட்டினார்.

"மழையா?"

தலையாட்டல். பிறகு கைகளை அகலமாக விரித்தார், பெரிய மழை. அடுத்து வாசல் பக்கம், பெரம்பலூர் இருக்கும் திசையில், நீட்டிக் காட்டினார்.

"பெரம்பலூர்லயா? எப்போ?"

ஜோதி ஒரு விரலால் தரையைத் தொட்டார். இன்றைக்கு.

"அடியாத்தி, மக்காச்சோளம் பூரா களத்துல கெடக்கு!" அமிர்தவல்லி இடுப்பிலிருந்து போனை எடுத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்காரரை அழைத்தார். "நான்தாங்க. தார்ப்பாய இழுத்து மூடுங்க. மழ வருது... மானம் வெளுப்பா இருந்தா என்னா? வருதுங்கிறேன்ல... யாரு சொன்னாவா? நம்ம ஜோதிதான் சொன்னா."

தங்கராசு அதற்குப் பிறகுதான் சாப்பிடப் போனார்.